பாய்லர் நீருக்கும் குளிக்கும் நீருக்கும் நடுவே எத்தனை சுவர்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே 1950களில் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். எண்ணெயில் எரியும் பாய்லர். அறைகளைச் சூடாக்கச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய்களான பேஸ்போர்டுகள். இதுவரை வெந்நீர் தந்துவந்த காயில், அதாவது சுருள் குழாய், பாய்லருக்குள்ளேயே பொருத்தப்பட்டது. அது உப்பு படிந்து அடைத்துக்கொண்டதால் இன்டைரக்ட் டேங்க் ஒன்றை வைக்க முடிவு செய்திருக்கிறீர்கள். விலைப்புள்ளி கொடுத்த இரண்டு பிளம்பர்களில் ஒருவர் இரட்டைச் சுவர் டேங்க்தான் சட்டப்படி செல்லும் என்கிறார்; மற்றவர் அது வீண்செலவு, ஒற்றைச் சுவரே போதும் என்கிறார். போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: கராஜுக்கு மேலுள்ள அறையின் குழாய் குளிரில் உறையாமலிருக்க முந்தைய உரிமையாளர் பாய்லரில் ஏதோ உறைதடுப்பி ஊற்றியிருக்கலாம் என்று வீட்டு ஆய்வறிக்கையில் ஒரு வரி இருக்கிறதாம்.

விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. இன்றைய நிலையில் உங்கள் வீட்டுக்கு இரட்டைச் சுவர் டேங்க்தான் வேண்டும். ஆனால் இரண்டாவது பிளம்பர் சொன்னதும் முற்றிலும் தவறல்ல; பாய்லரில் வெறும் தண்ணீர் மட்டும் ஓடும் வீட்டுக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். அதனால் டேங்கின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், பாய்லருக்குள் இன்று என்ன ஓடுகிறது, நாளை என்ன ஓடக்கூடும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இன்டைரக்ட் டேங்க் என்பது தனக்கென்று அடுப்பில்லாத வெந்நீர்த் தொட்டி. பாய்லரில் சூடான நீர் ஒரு பம்பின் மூலம் டேங்குக்குள் இருக்கும் உலோகக் காயிலுக்குள் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. காயிலுக்கு வெளியே நிற்கும் வீட்டு நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இரண்டு நீரும் கலப்பதில்லை. ஒற்றைச் சுவர் வகையில் அவற்றைப் பிரிப்பது காயிலின் உலோகத் தகடு ஒன்று மட்டுமே. அதில் ஊசித்துளை விழுந்தால் இரண்டு நீரும் நேரடியாகச் சந்தித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

இரட்டைச் சுவர் வகையில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் செருகப்பட்டிருக்கும். சூடு கடக்க வேண்டுமென்பதால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அவற்றுக்கிடையே நுண்ணிய வாய்க்கால்கள் விடப்பட்டு, அவை டேங்குக்கு வெளியே, திறந்த காற்றில் வந்து முடியும். உள்சுவர் ஓட்டையானால் பாய்லர் நீர் அந்த வாய்க்கால் வழியே வெளியே வந்து தரையில் சொட்டும். வெளிச்சுவர் ஓட்டையானால் வீட்டு நீர் அதே வழியில் சொட்டும். ஒன்று மற்றொன்றுக்குள் போக வேண்டுமானால் இரண்டு சுவரும் பழுதாகி, வெளியேறும் வழியும் அடைபட்டிருக்க வேண்டும். ஆகவே இந்த வகையின் உயிர் இரண்டாவது சுவரில் இல்லை, நடுவிலுள்ள இடைவெளி காற்றில் திறந்திருப்பதில் இருக்கிறது. இரண்டு தகடுகளை ஒட்டிவைத்து இடைவெளியை மூடிவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது தடித்த ஒற்றைச் சுவர்தான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் இப்படிப்பட்ட டேங்கைப் பார்த்தேன். காயில் இணையும் இடத்திலுள்ள சிறு துளை எபாக்சி பசையால் அழகாக அடைக்கப்பட்டிருந்தது. துளையிலிருந்து சொட்டியதாம், வந்தவர் கசிவை நிறுத்திக் கொடுத்தாராம். அவர் அடைத்தது கசிவை அல்ல, கசிவைச் சொல்லும் வாயை. அந்த டேங்கை அன்றே கழற்றச் சொன்னேன். டேங்க் வந்து இறங்கியதும் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்மேல் வெப்பக்காப்புப் பஞ்சோ பெயிண்ட்டோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மயக்கமும் இங்கே தீர வேண்டும். தொட்டிக்குள் தொட்டி என்ற அமைப்பில் சில டேங்குகள் விற்கப்படுகின்றன. உள்தொட்டியில் வீட்டு நீர், அதைச் சூழ்ந்த வெளித்தொட்டியில் பாய்லர் நீர். நல்ல டேங்குகள்தாம், சூடேற்றுவதில் வேகமானவை. பெயரைக் கேட்டதும் இரண்டு சுவர் என்று தோன்றும். ஆனால் இரண்டு நீருக்கும் நடுவே இருப்பது உள்தொட்டியின் ஒரே தகடு. வெளித்தொட்டி பாய்லர் நீரை அடித்தள அறையின் தரையிலிருந்து பிரிக்கிறதே தவிர, உங்கள் குளியல் நீரிலிருந்து அல்ல. விற்பனையாளர் இதை இரட்டைச் சுவர் என்று சொன்னால், தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் காற்றுக்குத் திறந்த இரட்டைச் சுவர் என்று எழுதியிருக்கிறதா எனக் காட்டச் சொல்லுங்கள்.

ஒற்றைச் சுவருக்கு ஆதரவாகப் பேசுவோர் அழுத்தக் கணக்கைச் சொல்வார்கள். அது வலுவான வாதம்தான். இரண்டு மாடி வீட்டின் பாய்லர் பொதுவாக 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது, அதன் பாதுகாப்பு வால்வு 30இல் திறந்துவிடும். தெருக்குழாய் நீரோ 40 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை அழுத்தத்தோடு வீட்டுக்குள் வருகிறது. காயிலில் துளை விழுந்தால் அதிக அழுத்தமுள்ள வீட்டு நீர்தான் பாய்லருக்குள் புகும். பாய்லர் நீர் எதிர்த்து வர முடியாது. பாய்லரின் அழுத்தமானி மெல்ல ஏறும், பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும், யாராவது கவனிப்பார்கள். நடைமுறையில் பெரும்பாலான காயில் கசிவுகள் இப்படித்தான் வெளிப்படுகின்றன.

ஆனால் இந்தக் காவல் முழுவதும் தெருக்குழாயின் அழுத்தத்தை நம்பி நிற்கிறது. தெருவில் பெரிய குழாய் உடைந்தாலோ, பழுது பார்க்க நகராட்சி வால்வை மூடினாலோ, கிணற்று வீட்டில் மின்சாரம் போய்ப் பம்பு நின்றாலோ, வீட்டு நீரின் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும். அப்போது பாய்லரின் 12 பி.எஸ்.ஐ. தான் பெரியது. நீங்களே வீட்டின் பிரதான வால்வை மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தாலும் அதே நிலைதான். பனிப்புயலில் மின்சாரம் போவது உங்கள் ஊரில் புதிதல்ல. துளையும் அழுத்த இழப்பும் ஒரே காலத்தில் நேர்வது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துளை உண்டாகிக் கவனிக்கப்படும் வரை வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் அந்த அரிதை எடைபோட வேண்டும்.

கவனிக்கப்படும் வரை என்றேன். அதற்கு ஒரு காட்சி. ஒரு வீட்டில் பாய்லரின் பாதுகாப்பு வால்வு ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் வால்வை மாற்றினார்கள். பிறகு, சூட்டில் விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக்கலனை மாற்றினார்கள். அடுத்த குளிர்காலத்தில் நிரப்பு வால்வையும் மாற்றினார்கள். சொட்டு நிற்கவில்லை. நான் போனபோது செய்தது இவ்வளவுதான்: பாய்லருக்கு நீர் நிரப்பும் வால்வை முழுவதுமாக மூடிவிட்டு அழுத்தமானியைப் பார்த்தேன், அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு இன்டைரக்ட் டேங்குக்குள் போகும் குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து விட்டேன், ஏற்றம் நின்றது. காயிலில் துளை. ஓராண்டுக்கு மேலாக அந்த வீட்டின் குளியல் நீரும் பாய்லர் நீரும் ஒன்றாக வாழ்ந்திருக்கின்றன. அந்த பாய்லரில் வெறும் நீர் இருந்ததால் கதை அத்தோடு முடிந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிளம்பிங் விதிகளுக்கு ஒரே நூல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனெக்டிகட் பின்பற்றும் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடு கேட்கும் கேள்வி எளிது: சூட்டைச் சுமந்து வரும் திரவம் நச்சுள்ளதா, இல்லையா? நச்சுள்ளது என்றால் இரட்டைச் சுவர், நடுவே காற்றுக்குத் திறந்த இடைவெளி, இரண்டும் கட்டாயம். நச்சற்றது என்றால் ஒற்றைச் சுவருக்கு அனுமதி உண்டு. நச்சின் அளவை, பொருள்களை நச்சுத்தன்மைப்படி வரிசைப்படுத்தும் காஸெலின் தரவரிசையால் அளக்கிறார்கள். அதில் 1 பெற்றவை நச்சற்றவை, 2 அல்லது அதற்கு மேல் பெற்றவை நச்சுள்ளவை. உறைதடுப்பியாகப் பயன்படும் இரண்டு திரவங்களில் புரொப்பிலீன் கிளைக்கால் முதல் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இரண்டாவது பட்டியலில்.

கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் தழுவிய யூனிஃபார்ம் பிளம்பிங் கோடு இன்னும் கறாரானது. அங்கே ஒற்றைச் சுவரை வைக்க மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: திரவம் குடிநீராகவோ, உணவு மருந்து நிர்வாகம் தீங்கற்றவை என்று ஏற்ற பொருள்களை மட்டும் கொண்டதாகவோ இருக்க வேண்டும், அதன் அழுத்தம் வீட்டு நீரின் வழக்கமான குறைந்தபட்ச அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும், அப்படிப்பட்ட பொருள்களை மட்டுமே சேர்க்கலாம் என்று கருவியின் மேல் நிரந்தரமாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனை எனக்குப் பிடித்தது. இன்றைக்கு ஊற்றுபவரை அல்ல, பத்தாண்டு கழித்து ஒரு வாளியோடு அடித்தளத்துக்கு இறங்கிவரும் முகம் தெரியாத ஆளை நினைத்து எழுதிய விதி அது.

ஆக, கனெக்டிகட்டில் இரட்டைச் சுவர் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று உங்கள் முதல் பிளம்பர் சொல்லியிருந்தால் அது மிகை. ஆனால் உள்ளூர் ஆய்வாளர் எதைக் கேட்பார் என்பதும் விதிநூலின் ஒரு பகுதிதான். அனுமதிச் சீட்டு வாங்கும்போதே நகராட்சிக் கட்டட அலுவலகத்தில் கேட்டுவிடுவது, டேங்கை வாங்கிய பிறகு வாதாடுவதைவிட மலிவு.

இப்போது உங்கள் பாய்லருக்குள் இருப்பது எது? வெப்பமூட்டும் அமைப்புக்கென்று விற்கப்படும் உறைதடுப்பி பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கால். உணவுப் பொருள்களிலும் பயன்படுகிற, மனிதருக்குப் பெரிய தீங்கில்லாத பொருள். கார் ரேடியேட்டருக்கு விற்கப்படுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். உடலுக்குள் போனால் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. வீட்டு உரிமையாளர் தாமே ஊற்றியது என்றால், அருகிலிருந்த கார் உதிரிபாகக் கடைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. நான் இப்படிப்பட்ட பாய்லர்களைப் பார்த்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம். எந்த நிறம் எந்த வேதிப்பொருளுக்கு என்று விதி கிடையாது. சில ஆண்டுகள் ஓடிய பிறகு எல்லாமே துருவோடு கலந்து கறுப்பாகிவிடும். கையிலடங்கும் ஒளிவிலகல்மானி உறைநிலையைக் காட்டும். ஆனால் எந்தக் கிளைக்கால் என்று தெரிந்து அதற்குரிய அளவுகோலில் படித்தால்தான் சரியாகச் சொல்லும், எது என்று அது சொல்லித்தராது. அதற்கு ஆய்வகச் சோதனை ஒன்றே நம்பகமான வழி.

புரொப்பிலீன் என்று தெரிந்துவிட்டால் ஒற்றைச் சுவர் போதுமா? உங்கள் மாநில விதிப்படி போதும். என் தீர்ப்பு வேறு. பாய்லரில் ஓடுவது சுத்தமான கிளைக்கால் மட்டுமல்ல. அரிப்புத் தடுப்பான்கள், குழாய்களைப் பற்றவைக்கும்போது உள்ளே போன ஃபிளக்ஸ் பசை, கசிவை அடைக்க யாரோ ஊற்றிய திரவம், பல்லாண்டுத் துரு எல்லாம் சேர்ந்த கஷாயம். அதிகச் சூட்டில் பழசான கிளைக்கால் சிதைந்து அமிலத்தன்மை அடையும். அமிலம் காயிலையே அரிக்கும். ஆக, உறைதடுப்பி ஓடும் வீட்டில்தான் சுவர் ஓட்டையாகும் வாய்ப்பும் கூடுதல், ஓட்டையானால் கலக்கும் பொருளும் மோசம்.

இரட்டைச் சுவரைத் தவிர்க்கும் வழிகளும் இருக்கின்றன. பாய்லரையும் எல்லாக் குழாய்களையும் முழுவதுமாகக் கழுவி வெறும் நீரை நிரப்பிவிட்டு, கராஜுக்கு மேலுள்ள குழாய்க்கு முறையான வெப்பக்காப்பு கொடுக்கலாம். குழாய் உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு அடியில் காற்று புகுந்துவருவதுதான். அதை அடைப்பது கிளைக்கால் வாங்குவதைவிட நல்ல முதலீடு. அல்லது அந்த ஓர் அறையின் சுற்றை மட்டும், திரவங்களைக் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் தகட்டு வெப்பமாற்றி வைத்துப் பிரித்து, அதற்குள் கிளைக்காலைப் பூட்டிவிட்டு, பாய்லர் பக்கம் வெறும் நீரை ஓட விடலாம். கார் ஏறிவரும் பாதையின் பனியை உருக்கத் தரைக்கடியில் குழாய் பதித்த வீடுகளில் இதுவே வழக்கம். இரண்டும் நல்ல தீர்வுகள். ஆனால் பேஸ்போர்டு மூலைகளில் தங்கிய கிளைக்காலை ஒரே கழுவலில் வெளியேற்ற முடியாது. கழுவிய பிறகும் ஒரு மாதிரியைச் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதியான பின்னரே ஒற்றைச் சுவரைப் பற்றி யோசியுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு வாசலும் இருக்கிறது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாய்லருக்கு நீர் நிரப்பும் குழாய் உங்கள் குடிநீர்க் குழாயிலிருந்துதான் பிரிகிறது. அங்கே நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் கருவி வேண்டும். வெறும் நீர் ஓடும் பாய்லருக்கு, நடுவே காற்றுத் துளையுள்ள இரட்டைத் தடுப்பு வால்வு, ஏ.எஸ்.எஸ்.இ. (பிளம்பிங் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்கச் சங்கம்) 1012 தரத்தில் இருந்தால் போதும். வேதிப்பொருள் சேர்த்த பாய்லருக்கு ஏ.எஸ்.எஸ்.இ. 1013 தரத்திலான குறை அழுத்தத் தடுப்பான் தேவை. டேங்கில் இரண்டு சுவர் வைத்துவிட்டு நிரப்பு குழாயை வெறும் வால்வோடு விட்டால், முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதைதான். 1950களின் வீட்டில் அங்கே எதுவுமே இல்லாமல் இருக்கவும் கூடும், போய்ப் பாருங்கள்.

நீராவியில் ஓடும் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் எடுத்து இன்டைரக்ட் டேங்கை இயக்க முடியும். ஆனால் நீராவிப் பாய்லரின் நீர் பெரும்பாலும் சேறும் மருந்தும் கலந்ததாகவே இருக்கும். அங்கே நான் இரட்டைச் சுவரைத் தவிர வேறெதையும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது சுவர் இலவசமாக வருவதில்லை. பணத்தைவிட முக்கியமான விலை, சூட்டில் கொடுப்பது. இரண்டு தகடுகளையும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியையும் கடப்பதால் அதே நீளக் காயில் குறைந்த வெப்பத்தையே கடத்தும். இதனால் வீட்டில் என்ன மாறும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம்.

உங்கள் ஊரில் ஜனவரி, பிப்ரவரியில் தெருக்குழாய் நீர் 40 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். அதாவது 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ். குளிக்க 105 டிகிரி வேண்டும். நிமிடத்துக்கு 2.5 கேலன் விடும் ஷவர் இரண்டு ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு கேலன் நீரை ஒரு டிகிரி உயர்த்த மணிக்கு 500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) தேவை, 65 டிகிரி உயர்த்த 32,500. ஆகவே மணிக்கு 80,000 பி.டி.யு. கடத்தும் காயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை கேலனைத் தொடர்ந்து சூடாக்கும். ஒரு ஷவருக்குச் சரியாகிவிடும். மற்ற ஷவர் டேங்கின் சேமிப்பைத் தின்னும். டேங்க் 40 கேலன், ஏறக்குறைய 150 லிட்டர். நீரை 140 டிகிரியில் வைத்திருந்தால், நான்கில் மூன்று பங்கு நல்ல சூட்டோடு வெளிவரும் என்று கொண்டு, குளிர்நீரோடு கலந்த பின் 46 கேலன் கிடைக்கும். இரண்டு ஷவரும் 18 நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

இரட்டைச் சுவர்க் காயில் 60,000 மட்டுமே கடத்துகிறது என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், அதே 40 கேலன் டேங்கில் 18 நிமிடம் 14 முதல் 15 நிமிடமாகச் சுருங்கும். டேங்கை 50 கேலனாக்கினால் மறுபடியும் 18. ஆகவே என் பரிந்துரை எளிது: இரட்டைச் சுவர் எடுக்கிறீர்களானால் ஒற்றைச் சுவருக்குத் திட்டமிட்ட அளவைவிட ஓர் அளவு பெரிதாக எடுங்கள். நால்வர் உள்ள குடும்பத்தில் காலை ஏழு மணிக்கு எழும் சண்டை அதோடு தீரும்.

தயாரிப்பாளரின் தாளில் முதல் மணி நேரத்துக்கு இத்தனை கேலன் என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் 180 டிகிரி பாய்லர் நீர், தாராளமான பம்பு ஓட்டம், போதுமான பாய்லர் திறன் என்ற மூன்றும் கிடைத்தால் வருவது. உங்கள் பாய்லரின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் எரிபொருள் உள்ளே போகும் அளவும் வெப்பமாக வெளிவரும் அளவும் தனித்தனியாக இருக்கும்; இரண்டாவதை எடுங்கள். பாய்லர் 90,000 பி.டி.யு. தருகையில் காயில் 150,000 கடத்த வல்லது என்பது வெறும் பெருமை. அடுத்து, காயிலின் அழுத்த இழப்பைப் பாருங்கள். சில காயில்களுக்கு வழக்கமான சிறு பம்பு போதாது. பம்பு திணறினால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் தாளிலுள்ள எண் காற்றில் போகும். கிளைக்கால் கலந்த திரவம் நீரைவிடத் தடித்தது, குறைந்த வெப்பத்தையே சுமக்கும். அதற்கும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

பின்னாளில் எண்ணெய்ப் பாய்லரை எடுத்துவிட்டு எரிவாயுவில் ஓடும் கண்டென்சிங் பாய்லருக்கு மாறும் எண்ணமிருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். அந்த வகைப் பாய்லர், திரும்பிவரும் நீர் 130 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்துக் கூடுதல் சிக்கனத்தைக் காட்டும். சூடு கடக்கத் தயங்கும் இரட்டைச் சுவர்க் காயிலுக்காகப் பாய்லரை 180 டிகிரியில் ஓட்ட நேர்ந்தால், வெந்நீர் காய்ச்சும் நேரத்தில் அந்தச் சிக்கனம் பெரும்பாலும் கைநழுவும். பெரிய காயில் பரப்புள்ள மாடலை இப்போதே தேர்ந்துகொண்டால் இந்த இழப்பு குறையும்.

140 டிகிரி என்றேன். அது சும்மா சொன்ன எண் அல்ல. நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா ஏறத்தாழ 77 முதல் 113 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகுவது. டேங்கை 140இல் வைப்பது அதற்கு இடம் கொடுக்காது, சேமிப்பையும் கூட்டும். ஆனால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிப்பதுபோல் 140 டிகிரி நீர் ஆறு நொடிகளில் தோலைக் கடுமையாகச் சுட்டுவிடும். ஆகவே டேங்கின் வாயில் ஏ.எஸ்.எஸ்.இ. 1017 தரத்தில் கலப்பு வால்வு ஒன்றை வைத்து, வீட்டுக்குள் 120 டிகிரியில் அனுப்புங்கள். வீட்டில் சிறு குழந்தையோ முதியவரோ இருந்தால் இந்த வால்வு இல்லாத விலைப்புள்ளியை ஏற்கவே வேண்டாம்.

டேங்கின் உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. துருப்பிடிக்காத எஃகு நீடித்து உழைக்கும்; ஆனால் குளோரைடு மிகுந்த நீர் அதற்குப் பகை. சாலைக்கு உப்பு கொட்டும் நாட்டில் கிணற்று நீர் உள்ள வீடுகள் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பூச்சு பூசிய எஃகு டேங்க் மலிவு. டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் மெக்னீசியத் தண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு மேலே உயரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அடித்தளக் கூரை தாழ்ந்த வீடுகளில் தண்டை உருவவே இடமிருக்காது.

பொருத்தும்போது காயிலின் இரு முனையிலும் வீட்டு நீர்ப் பக்கத்திலும் மூடும் வால்வுகள் இருக்கட்டும். நான் மேலே சொன்ன சோதனையை நாளைக்கு யாராவது செய்ய வேண்டிவந்தால் அவை இல்லாமல் முடியாது. டேங்கின் வெப்ப அழுத்தப் பாதுகாப்பு வால்வு, 150 பி.எஸ்.ஐ., 210 டிகிரிக்கு உரியது, அதன் குழாய் தரைக்கு அருகே வரை இறங்கியிருக்க வேண்டும். தெருக்குழாய் வரும் இடத்தில் அழுத்தக் குறைப்பு வால்வோ தடுப்பு வால்வோ இருந்தால், வீட்டு நீர்ப் பக்கத்திலும் ஒரு சிறு விரிவுக்கலன் வேண்டும். இல்லையென்றால் சூடாகி விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லை. வெந்நீர் கேட்கும்போது அறைகளின் சுற்றை நிறுத்திவைத்து டேங்குக்கு முன்னுரிமை தரும் ரிலே என்ற மின்விசையைப் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிடாது. டேங்கின் மேல் இது காற்றுக்குத் திறந்த இரட்டைச் சுவர், துளையை அடைக்கக்கூடாது என்றும், பாய்லரின் மேல் உள்ளிருக்கும் திரவம் என்ன என்றும் தேதியோடு எழுதி ஒட்டிவையுங்கள். தமிழில் அல்ல, ஆங்கிலத்தில். படிக்கப்போவது அடுத்த பிளம்பர்.

டேங்கை ஆர்டர் செய்வதற்கு முன் இந்த வாரம் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பாய்லரை நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, அடியிலுள்ள வடிகால் குழாயைச் சற்றே திறந்து, முதலில் வரும் சேற்றை ஒரு வாளியில் பிடித்து ஒதுக்கிவிட்டு, தெளிந்து வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். எத்திலீனா, புரொப்பிலீனா, எத்தனை விழுக்காடு, அமிலத்தன்மை என்ன என்ற கேள்விகளோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வாளியிலுள்ளதைப் புல்வெளியில் கொட்டாதீர்கள். விடை வரும்வரை மூடிவையுங்கள். புட்டியின் மேல் நஞ்சு என்று எழுதி, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் நாவுக்கு இனிக்கும்.